தனிக்குவளையும் தனிப்பாடமும்

1

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனிக் கல்வியில் சாதி செல்லாது என்று ஒரு பேச்சு நம் தோழர்கள் மத்தியிலேயே கிளம்பியிருக்கிறது. எந்திரத்துக்குச் சாதி தெரியாது. 'நீ யார் வீட்டுப் பிள்ள, எந்தத் தெரு' என்று அது கேட்காது. கடைசி பெஞ்சில் உட்காரச் சொல்லாது. நூறு தடவை கேட்டாலும் எரிந்து விழாது. ஆகவே ஆசிரியர் என்கிற அதிகாரம் உடைந்துபோகும், உலகத்து அறிவு மொத்தமும் சேரிப் பிள்ளையின் கைக்கு வந்துவிடும். இதுதான் அந்தப் பேச்சின் சாரம். கம்பெனிக்காரன் சொன்னால் வியாபாரம் என்று விட்டுவிடலாம். நம்ம ஆட்களே சொல்லும்போது உட்கார்ந்து விவாதிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பேச்சில் நியாயமே இல்லை என்று நான் தள்ளிவிடவில்லை. 2022இல் ஈரோடு மாவட்டத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிவறை கழுவ வைத்த வழக்கில் தலைமை ஆசிரியை கைதானார். அப்படி ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, திட்டாத, அடிக்காத, வீட்டு வேலை ஏவாத ஒரு வாத்தியார் கிடைத்தால் அது சொர்க்கம்தான். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் ஒரு பையன் சொன்னான்: 'எத்தன தடவ கேட்டாலும் அது கோவிக்க மாட்டேங்குதுக்கா.' கோபிக்காத வாத்தியாரை அவன் அதுவரை அதிகம் பார்த்ததில்லை என்பதுதான் இதற்கு அர்த்தம். எந்திரத்தைப் புகழ்வதற்கு முன்னால் நம் பள்ளிக்கூடங்களைப் பற்றி இந்த ஒரு வரி என்ன சொல்கிறது என்று யோசிக்க வேண்டும்.

வருமா வராதா என்ற கேள்வி முடிந்துபோனது. 2025-26 கல்வியாண்டில் தமிழக அரசு 'டி.என். ஸ்பார்க்' என்ற பெயரில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் செயற்கை நுண்ணறிவையும் ரோபாட்டிக்சையும் பாடமாகக் கொண்டுவந்தது. மூன்றாம் வகுப்பிலிருந்தே இதைக் கற்பிப்பது, 2026-27இல் தொடங்குவது என்று ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2025 அக்டோபரில் அறிவித்தது. மிச்சமிருக்கிற கேள்வி, எப்படி வருகிறது, யாருக்காக வருகிறது என்பதுதான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. தமிழ் படித்தவள். எனக்குத் தெரிந்தது ஒரு பிரதியை வாசிப்பது. அதில் யார் பேசுகிறார்கள், யார் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது. எந்திரம் தருவதும் ஒரு பிரதிதான். அதையும் அப்படியே வாசிக்கலாம்.

2

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு காலனியில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்பில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்று 'என் அம்மா' என்று எழுதிக் கொண்டுவந்தது:

'எங்கம்மா தீப்பெட்டியாபீசுக்குப் போகுது. விடிய முன்ன எந்திரிச்சு கஞ்சி காச்சி வச்சிட்டுப் போகுது. பெட்டி அடைக்கிற வேல. கையெல்லாம் மருந்து வாட. பண்டல்ல ஒன்னக் கொறச்சு எழுதிட்டான் கணக்கப்பிள்ளன்னு நேத்து ராத்திரி வஞ்சுச்சு. எங்கம்மா சின்னப் பிள்ளயில படிக்கல. அப்பவும் ஆபீசுக்குத்தான் போச்சு.'

அந்தப் பிள்ளையே அண்ணன் போனில் இருந்த எந்திரத்திடம் இதைக் கொடுத்து நல்ல தமிழில் எழுதித் தரச் சொல்லியிருக்கிறது. வந்தது இது:

'என் தாயார் தீப்பெட்டித் தொழிற்சாலையில் பணிபுரிகிறார். அதிகாலையில் எழுந்து குடும்பத்தினருக்கு உணவு தயாரித்துவிட்டுப் பணிக்குச் செல்கிறார். வறுமையிலும் மனம் தளராத அவரது கடின உழைப்பு எனக்கு ஊக்கமளிக்கிறது. நன்கு படித்து அவருக்குப் பெருமை சேர்ப்பேன்.'

பிழை கிடையாது. பரீட்சையில் பத்துக்கு எட்டு போடுவார்கள். ஆனால் என்னென்ன காணாமல் போயிருக்கிறது என்று பாருங்கள். மருந்து வாடை போய்விட்டது. கணக்கப்பிள்ளை போய்விட்டான். பண்டல் கணக்கில் நடந்த திருட்டு போய்விட்டது. அம்மாவின் கோபம் போய்விட்டது. அந்த இடத்தில் 'வறுமை' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்தப் பிள்ளை வறுமை என்று எழுதவே இல்லை. கூலியில் கை வைத்தவனைப் பற்றி எழுதியிருந்தது. ஏமாற்றியவன் இருந்த இடத்தில் ஏழ்மையை வைத்துவிட்டால் யாரையும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே கடைசி வரி. 'அப்பவும் ஆபீசுக்குத்தான் போச்சு.' கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி வட்டாரத்தின் முக்கால் நூற்றாண்டு அந்த மூன்று சொல்லுக்குள் இருக்கிறது. மானாவாரிப் பூமி. மழை பொய்த்தால் கம்பும் பருத்தியும் பொய்க்கும். பொய்க்காத வேலை தீப்பெட்டிதான். விடியுமுன்னே பஸ் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போன ஊர்கள் இவை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988இல் முதலில் தொடங்கிய ஒன்பது மாவட்டங்களில் சிவகாசி வட்டாரமும் உண்டு. 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் 1990இல் வந்தது. உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னது: சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். இந்த வரலாற்றின் சாட்சி அந்தப் பிள்ளையின் அம்மா. அந்தச் சாட்சியத்தைத்தான் எந்திரம் 'செம்மைப்படுத்தி' விட்டது.

எந்திரத்துக்கு வஞ்சகம் கிடையாது. அது வேலை செய்யும் விதமே அப்படி. கோடிக்கணக்கான பக்கங்களைத் தின்று, எந்தச் சொல்லுக்குப் பின்னால் எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணக்குப் போட்டு அடுத்த சொல்லை எடுத்து வைக்கிறது. 'தாயார்' என்றால் 'பணிபுரிகிறார்', 'கடின உழைப்பு' என்றால் 'ஊக்கம்'. இதுவரை எழுதியவர்கள் எப்படி எழுதினார்களோ அதன் சராசரி அது. இதுவரை எழுதியவர்கள் யார் என்பதில்தான் நம் கேள்வி இருக்கிறது.

தமிழ் இலக்கியத்தில் இந்தச் சண்டை நமக்குப் புதிதும் இல்லை. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது பண்டிதர்கள் கொச்சை என்றார்கள். கரிசலில் இந்த மொழிக்காக உழைத்தவர்கள் உண்டு. இடைசெவல் கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதியே கொண்டுவந்தார். கோவில்பட்டிக்குப் பக்கத்து ஆண்டிபட்டியில் பிறந்த பூமணி 1979இல் 'பிறகு' நாவலில் அழகிரி என்ற சக்கிலியரை நடுவில் நிறுத்தி, அந்த மனுசனின் வாய்மொழியிலேயே ஊரைப் பேச வைத்தார். உருளைக்குடி சோ. தர்மன் 'கூகை'யிலும் 'சூல்' நாவலிலும் சனங்களின் சொல்லை வைத்தே சேரியையும் கண்மாயையும் எழுதினார். பூமணியும் தர்மனும் தலித் எழுத்தாளர் என்ற அடையாளத்தை ஏற்காதவர்கள். அந்த விவாதத்தை வேறு இடத்தில் வைத்துக்கொள்வோம். இவர்கள் எல்லோரும் சேர்ந்து 'இந்தப் பேச்சும் எழுத்தாகும்' என்று நிலைநாட்ட நாற்பது வருசம் ஆனது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டில் எந்திரம் அதை நாலு விநாடியில் அழித்துவிடுகிறது. பண்டிதன் அதட்டிச் சொன்னான். இது அன்பாகச் சொல்கிறது. அன்பாகச் சொல்வதால் பிள்ளை சந்தேகப்படுவதில்லை.

3

எந்திரத்துக்குச் சாதி தெரியாது என்பது அடுத்த வாதம். அமெரிக்காவின் எம்.ஐ.டி. டெக்னாலஜி ரிவ்யூ இதழ் 2025 அக்டோபரில் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. ஓப்பன்ஏஐ கம்பெனியின் ஜிபிடி-5 எந்திரத்திடம் 105 வாக்கியங்களைக் கொடுத்து, விட்ட இடத்தில் 'பிராமணர்', 'தலித்' இரண்டில் ஒன்றை நிரப்பச் சொன்னார்கள். 80 வாக்கியங்களில் அது பழைய சாதிப் புத்தியையே நிரப்பியது. நூற்றுக்கு 76. அறிவாளி என்றால் ஒருவர், சாக்கடை சுத்தம் செய்பவர் என்றால் இன்னொருவர். அதே கம்பெனியின் படம் எடுக்கும் எந்திரத்திடம் 'தலித் தொழில்' என்று கேட்டபோது, கறுத்த ஆள் ஒருவர் கையில் துடைப்பத்தோடு சாக்கடைக் குழிக்குள் நிற்கும் படம் வந்தது.

அந்தக் கட்டுரையில் வரும் இன்னொரு செய்தி கல்வி சம்பந்தப்பட்டது. பெங்களூரில் ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த ஒரு தலித் சமூகவியலாளர், தன் ஆங்கிலத்தைத் திருத்தித் தரச் சொல்லி எந்திரத்திடம் விண்ணப்பத்தைக் கொடுத்தார். மொழியைத் திருத்திய எந்திரம் அவருடைய பின்பெயரையும் திருத்தி 'சர்மா' என்று போட்டுக் கொடுத்தது. ஆராய்ச்சிக்காரர் என்றால் சர்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பது அதன் கணக்கு. எந்திரம் நம்மிடம் சாதியைக் கேட்பதில்லை, வாஸ்தவம். அதுவே போட்டுக் கொடுத்துவிடுகிறது.

இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது? எட்கர் தர்ஸ்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி ஏழு தொகுதி போட்டார். நம் மூதாதையரை மிருகக்காட்சிசாலையில் பார்ப்பதுபோல் பார்த்து எழுதிய பக்கங்கள் அதில் ஏராளம். காப்புரிமை முடிந்துபோனதால் அந்த ஏழு தொகுதியும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. எழுத்து எழுத்தாக எந்திரம் படிக்கத் தோதாகக் கிடக்கிறது. தர்ஸ்டனுக்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்ற பத்திரிகை தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கி, பழைய தமிழ் நூல்களுக்குப் பார்ப்பனர் சொன்ன உரையை மறுத்து வேறு உரை சொன்னார். நாம் பேசாமல் இருந்தவர்கள் இல்லை. ஆனால் அயோத்திதாசர் எழுத்துக்களை ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி வழியாக வெளியே கொண்டுவர 1999 ஆகிவிட்டது. தொண்ணூறுகளில் நாம் நடத்திய சிற்றிதழ்கள் பெரும்பாலும் தோழர்கள் வீட்டுப் பரண்களில் செல்லரிக்கின்றன. தர்ஸ்டன் எந்திரத்தின் வயிற்றுக்குள் இருக்கிறார். நம் பத்திரிகைகள் பரணில் இருக்கின்றன. இந்த நிலையில் நம் பிள்ளை நம் வரலாற்றை எந்திரத்திடம் கேட்டால் யார் குரலில் பதில் வரும்?

எந்திரத்துக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் கூலிகள் என்பதையும் மறக்கக் கூடாது. எது கெட்ட பேச்சு, எது ஆபாசம் என்று எந்திரத்துக்குப் பிரித்துக் காட்ட, மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவான கூலிக்குக் கென்யாவில் ஆட்களை உட்கார வைத்து, மனசு தாங்காத பக்கங்களைப் படிக்க வைத்ததை டைம் பத்திரிகை 2023 ஜனவரியில் அம்பலப்படுத்தியது. பெட்டி அடைத்தவள் கை மருந்து வாடை குச்சியில் தெரியாது. அதே மாதிரிதான் இதுவும்.

4

1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி ஓட்டப்பிடாரம் தாலுகா கொடியங்குளத்தில் போலீஸ் புகுந்தது. வளைகுடா நாட்டுக்குப் போய்ச் சம்பாதித்தும் படித்தும் கொஞ்சம் தலைநிமிர்ந்திருந்த ஊர் அது. டி.வி.யை உடைத்தார்கள், தையல் மெசினை உடைத்தார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள். அத்தோடு நிற்கவில்லை. துணிமணிகளைக் குவித்துத் தீ வைத்தவர்கள், படித்த பையன்களின் பாஸ்போர்ட்டையும் சர்ட்டிபிகேட்டுகளையும் எரித்தார்கள். நம் கையில் இருக்கும் படிப்பு யாருக்கு உறுத்தும் என்பதற்குக் கரிசல் காட்டில் இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இன்றைக்குச் சர்ட்டிபிகேட் கம்ப்யூட்டரில் இருக்கிறது, எரிக்க முடியாது என்று ஆறுதல் சொல்லலாம். எரிக்க வேண்டிய தேவையே இல்லாமலும் போகலாம் என்பதை இங்கிலாந்து காட்டியது. 2020இல் கொரோனாவால் பரீட்சை நடக்கவில்லை. பள்ளி இறுதி மாணவர்களுக்கு மதிப்பெண் போடும் பொறுப்பை அங்குள்ள தேர்வு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு கணக்குச் சூத்திரத்திடம் கொடுத்தது. மாணவர் எப்படிப் படிப்பார் என்று ஆசிரியர் சொன்னதோடு, அந்தப் பள்ளியில் முந்தின வருசங்களில் படித்தவர்கள் என்ன மதிப்பெண் எடுத்தார்கள் என்றும் சூத்திரம் பார்த்தது. முடிவு வந்தபோது ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது மதிப்பீடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்துபோயிருந்தன. நாலைந்து பேர் மட்டும் படிக்கும் சின்ன வகுப்புகளில் ஆசிரியர் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அப்படிப்பட்ட வகுப்புகள் பணக்காரத் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆகஸ்ட் 17ஆம் தேதி அரசு பின்வாங்கியது.

அந்தச் சூத்திரத்துக்கு எந்த மாணவர் மேலும் பகை இல்லை. 'உன் பள்ளிக்கூடத்தில் இதுவரை ஒருத்தரும் இவ்வளவு எடுத்ததில்லை, அதனால் நீயும் எடுக்க மாட்டாய்' என்று மட்டும் சொன்னது. இந்த வாக்கியத்தை நாம் வேறு வாயில் கேட்டிருக்கிறோம். 'உங்க பரம்பரையில யாருடா படிச்சிருக்கான்?' முந்தியவர்களின் கணக்கை வைத்துப் பிந்தியவர்களை அளப்பதற்குப் பெயர் சாதி. கடந்த காலத்தைத் தின்று எதிர்காலத்தைச் சொல்கிற எந்திரம் எதுவாக இருந்தாலும், தடுக்க ஆள் இல்லாவிட்டால், இந்த வேலையைத்தான் செய்யும். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவளுக்கு முன்மாதிரிக் கணக்கு எங்கே இருக்கிறது? கணக்கில் இல்லாததைச் செய்துகாட்டத்தான் அவள் பள்ளிக்கூடத்துக்கே வந்திருக்கிறாள்.

5

இந்த எந்திரங்களை விற்பவர்கள் அடிக்கடி சொல்லும் வார்த்தை 'பெர்சனலைஸ்டு லேர்னிங்'. ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் வேகத்துக்குத் தக்க தனிப்பாடம், தனி ஆசான், தனித் திரை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 'தனி' என்ற சொல் நம்ம காதில் வேறு மாதிரி விழும். தனிக்குவளை. தனிப்பாதை. தனிக்கிணறு. தனிச்சுடுகாடு. நம்மைப் பிரித்துவைக்கப் பயன்பட்ட சொல் இது.

பள்ளிக்கூடம் எதற்கு என்ற தத்துவக் கேள்விக்கு இங்கே வருகிறோம். விசயம் தெரிந்துகொள்வதற்கு மட்டும்தான் பள்ளி என்றால் திரை போதும். அம்பேத்கர் அப்படி நினைக்கவில்லை. கொலம்பியாவில் அவருக்கு ஆசிரியராக இருந்த ஜான் டூயி, 1916இல் எழுதிய 'சனநாயகமும் கல்வியும்' நூலில் சனநாயகத்தை ஒரு கூட்டு வாழ்க்கை முறையாகப் பார்த்தார். 1936இல் அச்சிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் டூயியைத் தன் ஆசிரியர் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். கூடி வாழ விடாமல் சாதி மனிதர்களை எப்படிப் பிரித்து வைக்கிறது என்பதே அந்த உரையின் அடிநாதம். சாதி இருக்கிற நாட்டில், பல சாதிப் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே தட்டுவரிசையில் சாப்பிடுவதே ஒரு பாடம். மற்றப் பாடங்களை எல்லாம் வீட்டிலும் படிக்கலாம். இந்த ஒன்றை வீட்டில் படிக்க முடியாது.

எட்டயபுரத்தைப் பாருங்கள். 1956இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை அங்கேதான் தொடங்கிவைத்தார். 2023 செப்டம்பரில் அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்து உசிலம்பட்டியில், பட்டியல் சாதிப் பெண் சமைத்த காலைச் சிற்றுண்டியைப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தார்கள். எம்.பி.யும் அமைச்சரும் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதற்கு முந்தின மாதம் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படிக்கிறவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதிக் கயிற்றைத் தடை செய்யுங்கள், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதியை எடுங்கள், பிள்ளைகளை எழுத்து வரிசைப்படி உட்கார வையுங்கள் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. எழுத்து வரிசைப்படி உட்கார வைக்கவே ஒரு நீதிபதி எழுதிக் கொடுக்க வேண்டிய காலத்தில்தான் ஆளுக்கொரு திரை வருகிறது. சிற்றுண்டியைத் தொடாத பிள்ளை அந்தத் திரையின் முன்னால் நன்றாகவே படிக்கும். நூற்றுக்கு நூறு எடுக்கும். சாதியும் அப்படியே இருக்கும். எந்திரம் எந்த இடத்திலும் அந்தப் பிள்ளையைச் சங்கடப்படுத்தாது.

இன்னொன்று, யாருக்கு எந்திரம், யாருக்கு வாத்தியார் என்பது. கொரோனாக் காலத்தில் கல்வித் தொலைக்காட்சியும் செல்போன் வகுப்பும் நடந்தன. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எவ்வளவு பின்தங்கினார்கள் என்று பார்த்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்க வேண்டியிருந்தது. லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள், தெருத் திண்ணையிலும் மந்தையிலும் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். திரை விட்ட இடத்தை மனுசிகள்தான் நிரப்பினார்கள். இருந்தும் அடுத்த தடவை பணம் ஒதுக்கும்போது எது மலிவோ அது நம் பக்கம் தள்ளிவிடப்படும். வசதி உள்ளவன் பிள்ளைக்கு வாத்தியாரும் உண்டு, எந்திரமும் உண்டு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் மாற்றலாகிப் போனால் அந்த நாற்காலியில் எந்திரத்தை உட்கார வைப்பார்கள். அதற்கு 'டிஜிட்டல் சமத்துவம்' என்று பெயரும் வைப்பார்கள்.

இப்படிச் சொல்வதால் நான் எந்திரத்தை உடைக்கச் சொல்கிறேன் என்று யாரும் முத்திரை குத்த வேண்டாம். கலெக்டர் ஆபீசுக்கு மனு எழுத, ராத்திரி பத்து மணிக்குக் கணக்கில் சந்தேகம் கேட்க, ஆங்கிலத்தில் விண்ணப்பம் போட, கண் தெரியாத மாணவருக்குப் படித்துக் காட்ட அது உதவுகிறது. டியூசனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டில் இது சின்ன விசயம் இல்லை. வெள்ளைக்காரன் ரயிலும் பள்ளிக்கூடமும் நமக்காக வரவில்லை, நாம் ஏறிக்கொண்டோம். இதிலும் ஏறத்தான் வேண்டும். டிக்கெட் எடுத்துத் தருகிறவன் எங்கே இறக்கிவிடுவான் என்று தெரிந்துகொண்டு ஏற வேண்டும்.

எங்கள் மாலை வகுப்பில் அந்த இரண்டு கட்டுரைகளையும் கரும்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் போட்டோம். எது நல்லாருக்கு என்று கேட்டதற்கு முக்கால்வாசிப் பிள்ளைகள் எந்திரத்தின் பக்கம் கை தூக்கினார்கள். அதில் எது இல்லை என்று கேட்டபோதுதான் ஒரு சின்னப் பையன் எழுந்து, 'கணக்கப்பிள்ளயக் காணோம்க்கா' என்றான். அதற்கப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. வகுப்பு முடியும்போது, கணக்கப்பிள்ளை ஏன் காணாமல் போனான் என்று அவர்களுக்குள்ளேயே தர்க்கம் நடந்தது. எந்திரம் இல்லாமல் அன்றைக்கு அந்தப் பாடம் இல்லை. பத்துப் பிள்ளைகள் ஒன்றாக உட்காராமலும் அந்தப் பாடம் இல்லை. கல்வியில் எந்திரத்தின் இடம் எது என்று என்னைக் கேட்டால் கரும்பலகையில்தான் என்று சொல்வேன்: எல்லோர் கண்ணுக்கும் எதிரே, எல்லோரும் அழித்து எழுதக்கூடிய இடத்தில்.

6

இயக்கங்கள் இனி என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்குத் தோன்றுகிறதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ஆசிரியர் காலியிடம் ஒன்றைக்கூட எந்திரத்தைக் காட்டி நிரப்பாமல் விடக் கூடாது. ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலிருந்து இந்தக் கோரிக்கையைத் தொடங்க வேண்டும். எந்திரம் ஆசிரியருக்குத் துணையாக வரட்டும்; ஆசிரியருக்குப் பதிலாக வந்தால் மறிக்க வேண்டும்.

இரண்டாவது, சோதனை. தமிழக அரசு 2020இலேயே பாதுகாப்பான, அறம் சார்ந்த செயற்கை நுண்ணறிவுக்கு என்று ஒரு கொள்கை வெளியிட்டது. சமத்துவம், தனியுரிமை முதலியவற்றுக்கு எந்திரத்துக்கே மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது அதில் உண்டு. பள்ளிக்குள் வரும் ஒவ்வொரு எந்திரத்தையும் சாதி விசயத்தில், தமிழிலேயே, நம் ஆட்களை வைத்துச் சோதித்து, முடிவை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடச் சொல்லுவோம். தேர்வு எழுதாத எந்திரத்துக்கு வகுப்பறையில் இடம் கிடையாது.

மூன்றாவது, பிள்ளைகளின் விவரம். உதவித்தொகைக்காக 'எமிஸ்' பதிவில் பிள்ளையின் சாதி இருக்கிறது. அது தேவை. அது பாடம் சொல்லும் கம்பெனியின் கைக்குப் போகக் கூடாது. நம் பிள்ளையின் முகம், தப்பு, தடுமாற்றம் எதுவும் எவனுக்கும் கச்சாப் பொருள் இல்லை.

நான்காவது, நம் வேலை. பரணில் கிடக்கும் இதழ்களை, சாட்சியங்களை, கிழவிகளின் பாட்டை, தீப்பெட்டியாபீஸ் பேச்சை எழுத்தாக்கிச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தர்ஸ்டன்தான் நமக்காகப் பேசுவார். ஆனால் சேர்த்ததைத் தூக்கிச் சும்மா கொடுத்துவிடவும் கூடாது. கி.ரா.வின் அகராதியில் சொல்லைத் தேடிச் சேர்த்தவர் யார் என்றாவது தெரியும்; எந்திரத்துக்குள் போன சொல்லுக்கு ஊரும் இல்லை, பேரும் இல்லை. சொன்னவர் பெயரோடு, நாம் வைக்கும் நிபந்தனையோடு, நம் கையிலேயே இருக்கும் ஆவணக் களஞ்சியம் வேண்டும். இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. ஒவ்வொரு ஊரிலும் ரெண்டு மாணவர்கள், ஒரு போன், கேட்கப் பொறுமை இருந்தால் போதும்.

இந்த இதழைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒன்று. உங்கள் ஊரில் தீப்பெட்டியாபீசுக்கும், பருத்திக் காட்டுக்கும், நூறு நாள் வேலைக்கும் போன பெண்கள் இருக்கிறார்கள். வர்ற லீவில் ஒருத்தரிடமாவது உட்கார்ந்து கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். திருத்தாதீர்கள். எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டி, சரிதானா என்று கேளுங்கள். பிறகு அனுப்புங்கள், அச்சேற்றுவோம்.